குலுங்காத பின் சீட்டு

பள்ளம் பெரியதுதான். முன் சக்கரம் இறங்கிய வேகத்தில் அவனுடைய தாடைகள் ஒன்றோடொன்று மோதி, நாக்கு நுனி கடிபட்டு, வாயில் இரும்பு வாடை அடித்தது. பக்கத்து சீட்டில் இருந்த வண்டி புரோக்கர் கையில் வைத்திருந்த சாவிக்கொத்து துள்ளிக் காலடியில் போய் விழுந்தது. அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோள்களைக் குறுக்கிக்கொண்டு, பின்னாலிருந்து வரப்போகும் அழுகைக்காகக் காத்திருந்தான்.

அழுகை வரவில்லை.

இன்னொரு பள்ளம் வந்தது. பிறகு ஜல்லி பெயர்ந்து கிடந்த ஒரு நீளமான பகுதி. முன் கண்ணாடியே கலகலத்தது. பின் சீட்டில் நீளவாக்கில் கிடத்தியிருந்த குழந்தை கூரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, வாய்க்குள்ளேயே ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். பாட்டு மாதிரி இருந்தது.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ள வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டியிருந்தது.

குழந்தையை வீட்டில் பஞ்சு என்று கூப்பிட்டார்கள். பிறவியிலேயே எலும்பு கெட்டிப்படாத உடம்பு. பிறந்த அன்று துணியில் சுற்றும்போதே தோளெலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு தும்மினால் விலா, புரண்டால் கை. அவளைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. விரல்களை அகல விரித்து ஒரு உள்ளங்கையைத் தலைக்கும் முதுகுக்கும் அடியிலும், இன்னொன்றை இடுப்புக்கு அடியிலும் நுழைத்து, முழு உடம்பையும் ஒரே பலகை போல ஏந்தி எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்த நர்ஸ், இவ்வளவு சீக்கிரம் யாரும் கற்றுக்கொண்டதில்லை என்றாள். அவன் கண்ணாடி வெட்டுகிறவன். பெரிய பெரிய தகடுகளை மாடிக்கு ஏற்றி ஜன்னலில் பொருத்துவது அவன் பிழைப்பு. உடையக்கூடியதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும்.

ஆனால் ரோட்டுக்குத் தெரியாதே. எலும்புக்கு மருந்து ஏற்றுகிற ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கல் குவாரி லாரிகள் ஓடி ஓடி மலைப்பாதை குதறிக்கிடந்தது. மருந்துக்குப் போய்வருவதற்குள்ளேயே ஏதாவது ஒன்று உடைந்துவிடும். மெத்தென்று போகிற வண்டியாகப் பாருங்கள், சக்கரத்துக்கு மேல் காற்றுப் பை வைத்த பெரிய வண்டிகள் இருக்கின்றனவே என்று டாக்டர்தான் சொன்னார். புதிதாக வாங்குவதை அவர்கள் கனவில்கூட நினைக்க முடியாது. பழையதாக வாங்கலாம்.

அப்படித்தான் அவன் பழைய வண்டிகளைப் பற்றி மாதக்கணக்காகப் படித்தான். பழைய சொகுசு வண்டி என்றால் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை என்று கண்ணாடிக் கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. காற்றுப் பை வெடித்து வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்துவிடும், கூரைக் கண்ணாடியின் வடிகால் அடைத்து உள்ளே தண்ணீர் இறங்கும், உள்ளே இருக்கிற இருபது கம்ப்யூட்டர்களில் ஒன்று கோபித்துக்கொண்டால் வண்டியே நகராது. எல்லாவற்றையும் மனதில் போட்டு எடை பார்த்தான். பார்த்த ஒவ்வொரு வண்டியையும் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் மேலே ஏற்றி அடிவயிற்றைப் பார்த்தான். ஒவ்வொன்றையும் வேண்டாம் என்றான்.

இந்த வண்டியை மட்டும் மேலே ஏற்றிப் பார்க்கவில்லை.

புரோக்கர் வாய்ப்பேச்சில் கெட்டிக்காரர். அவன் கேட்ட கேள்விகளைக் கேட்டுவிட்டு, "சார், ஆஸ்பத்திரியில கூட இத்தனை டெஸ்ட் எடுக்க மாட்டாங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் பிரஷர் ஏறுது" என்றார். முன்பக்கம் குலுங்குகிறதென்றால் அங்கே இருக்கிற காற்றுப் பைகள் கொஞ்சம் இளகியிருக்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்றார். பின்பக்கத்தைப் பாருங்கள், தொட்டில் சார், தொட்டில் என்றார். பின் சீட்டின் நடுவில் ஆளில்லாமலேயே பெல்ட் மாட்டியிருந்தது. அதை அவன் கழற்றியதும் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக வண்டி விடாமல் கத்தியது. சீட்டுக்கு அடியில் இருக்கிற சென்சார் கெட்டிருக்கும், வயதான வண்டிக்கு வருகிற வியாதிதான் என்று புரோக்கரே திரும்ப மாட்டிவிட்டார். பழைய ஓனரும் இப்படித்தான் வைத்திருந்தாராம்.

ஒரு கண்ணாடித் தகட்டை, விளிம்பை விரலால் தடவிப் பார்க்காமல் அவன் வாங்கியதே இல்லை. அன்று குழந்தையின் மௌனம் ஒன்றையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டான். வேறு யாரும் அப்படி ஒரு வண்டியை வாங்கியிருக்க மாட்டார்கள்.

முதல் சில பயணங்கள் வரமாக இருந்தன. அவன் மனைவி வீட்டிலிருந்தபடியே பள்ளிச் சீருடை தைக்கிறவள். பின் சீட்டின் அளவுக்கு நுரை மெத்தை வெட்டி, உறை தைத்துப் போட்டாள். குழந்தை அதில் படுத்தால் வேறு யாரும் பின்னால் உட்கார இடமிருக்காது. இவர்கள் இருவரும் முன்னால். மலைப்பாதையில் முன் சீட்டு இவர்களை உலுக்கி எடுத்தது. பின்னால் சத்தமே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் மனைவி அந்த ரோட்டில் தலை சாய்த்துத் தூங்கினாள். கதவில் தலை இடித்துக்கொண்டே தூங்கினாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். புதிதாக எதுவும் உடையவில்லை.

பிறகுதான் அவன் கண்ணாடியில் பின்னால் பார்க்கத் தொடங்கினான்.

வளைவில் வண்டி திரும்பினால் எந்த உடம்பும் ஒரு பக்கம் சாயும். தண்ணீர் பாட்டில் சாயும், பை சாயும். குழந்தை சாயவில்லை. புறப்படும்போது தலையணையில் கிடந்த அவள் தலை, மலை ஏறுகிறபோது தலையணையை விட்டு நன்றாக மேலே, யாருடைய முழங்கையிலோ வைத்தது போல உயர்ந்திருந்தது. கண்ணாடியின் கோணம் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்து அதைத் திருப்பி வைத்தான். வண்டிக்குள் ஒரு வாடை வந்தது; நெடுநாள் மூடிக்கிடந்த பீரோவைத் திறந்தால் வருகிற, ஈரமும் பழந்துணியும் கலந்த வாடை. கூரை வடிகாலைச் சுத்தம் செய்தான், தரை விரிப்பைத் தூக்கித் தொட்டுப் பார்த்தான். பொட்டு ஈரமில்லை. வீட்டுக்கு வந்து அவளைத் தூக்கும்போதெல்லாம் அவள் நெஞ்சு சூடாக இருக்கும். முதுகு மட்டும், கல் தரையில் வெகுநேரம் கிடந்தது போலச் சில்லென்று இருக்கும்.

ஏசியின் காற்று பின்பக்கம் அதிகம் அடிக்கிறது போல என்று மனைவியிடம் சொன்னான். அவள் ஒரு போர்வை தைத்துக் கொடுத்தாள்.

முன்பக்கத்துக் காற்றுப் பைகளை மாற்றிவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். மெக்கானிக் அவனைவிடச் சின்னவர், அண்ணே என்று கூப்பிடுகிறவர். வண்டியை மேலே ஏற்றினார். விளக்கைப் பிடித்துக்கொண்டு கீழே போனார். முன்னால் பார்த்தார், பின்னால் போனார், மறுபடி முன்னால் வந்தார்.

"அண்ணே, இதுல ஏது காத்துப் பை?"

அவனுக்குப் புரியவில்லை.

"எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சிட்டு நாலு பக்கமும் இரும்பு ஸ்பிரிங் போட்டிருக்காங்க. பை மாத்தக் கட்டுப்படியாகாதவங்க பண்ற வேலை. அதுவும் பின்னாடி போட்டிருக்கறது சாமான் ஏத்தற வண்டியோடது. முன்னாடியாவது தேவல."

பின்பக்கம் தொட்டில் மாதிரி இருக்கிறதே என்று அவன் சொன்னான். மெக்கானிக் அவன் முகத்தையே பார்த்தார். "தொட்டிலா? இதுல முட்டை கொண்டு போனா ஆம்லெட்டாத்தான் இறங்கும்."

அவன் சிரிக்காமல் நின்றதைப் பார்த்து அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவன் பின் கதவைத் திறந்து, குழந்தையின் நுரை மெத்தையில் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, பட்டறைக்குப் பின்னால் இருக்கிற மண் ரோட்டில் ஓட்டச் சொன்னான். முதல் மேட்டிலேயே அவன் உடம்பு சீட்டை விட்டு எழும்பி விழுந்தது. தலை கதவில் இடித்தது. முதுகுத்தண்டு ஒவ்வொரு கண்ணியாக அடி வாங்கியது. மெத்தை இருந்தும் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. போதும் என்று சொல்ல வாயெடுத்தும் சொல்லவில்லை. எங்காவது ஒரு இடத்தில், ஒரு பள்ளத்திலாவது, இது மெத்தென்று ஆகிவிடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

ஆகவில்லை. வண்டி நின்ற பிறகும் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. மெக்கானிக் கதவைத் திறந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணே, இதுலயா பாப்பாவக் கூட்டிட்டுப் போறீங்க?"

வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை கட்டிலில் படுத்துக்கொண்டு கலர் பென்சிலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்தே இருந்தான். கேட்டுவிட்டால் தெரிந்துவிடும் என்ற பயம், கேட்காவிட்டாலும் தெரிந்துவிட்டதே என்ற பயம். கடைசியில், வண்டியில் போகும்போது வலிக்கவில்லையா என்று கேட்டான்.

"இல்லப்பா. அதான் அவங்க பிடிச்சுக்கறாங்கல்ல."

"யாரும்மா?"

அப்பா வேண்டுமென்றே விளையாடுகிறார் என்பது போல அவள் பார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு சின்னக் கைகளையும் மல்லாத்தி, விரல்களை அகல விரித்துக் காட்டினாள்.

"உங்கள மாதிரியே பிடிப்பாங்க. இப்படி, அடியில குடுத்து."

மிஷின் நின்றது. அவன் மனைவி நாற்காலியிலேயே திரும்பி உட்கார்ந்திருந்தாள். துணி அவள் மடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. அவள்தான் கேட்டாள், அவங்க முகம் எப்படி இருக்கும் என்று.

"பாத்ததில்லம்மா. எனக்குப் பின்னாடிதானே இருக்காங்க."

அதற்குப் பிறகு அந்த வண்டியை எடுக்கவில்லை. வீட்டுப் பக்கத்துச் சந்தில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். புரோக்கருக்குப் போன் செய்தான். இரும்பு ஸ்பிரிங் பற்றிச் சொன்னதும் அவர் வழக்கம்போல ஏதோ வேடிக்கை பேசினார். பின் சீட்டைப் பற்றிக் கேட்டதும் வேடிக்கை நின்றது. பழைய ஓனர் பேரமே பேசவில்லை என்றும், எவ்வளவு சீக்கிரம் எடுத்துப்போவீர்கள் என்று மட்டும்தான் கேட்டார் என்றும் சொல்லிவிட்டு, வண்டியைத் திரும்ப எடுக்க முடியாது சார் என்று வைத்துவிட்டார். மருந்துக்குப் போக வேண்டிய நாள் தள்ளிப்போனது. ஏதாவது வழி பார்ப்போம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒரு வழியும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஒரு பிற்பகல், கட்டிலுக்குக் கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குழந்தை ஒருக்களித்தாள். அவ்வளவுதான். அடுத்த அறையில் இருந்த அவனுக்கே கேட்டது. கண்ணாடி விரிசல் விடும் சத்தம் கூர்மையாக இருக்கும். எலும்புச் சத்தம் மந்தமாக, ஈரக் குச்சியை ஒடித்தது போல இருக்கும். தொடையெலும்பு. கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. குழந்தையின் முகம் வெளுத்து, வாய் திறந்து, சத்தம் வருவதற்கே நேரமானது.

ஆம்புலன்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் சின்ன காரை எடுத்தார். பாவம், அவர் ஊர்ந்துதான் ஓட்டினார். தெருமுனையில் ஒரு வேகத்தடை. சக்கரம் ஏறி இறங்கியது. குழந்தை அலறினாள். அந்த அலறலுக்கு நடுவிலேயே, சின்னதாக, இன்னொரு குச்சி ஒடிந்தது.

நிறுத்துங்கள் என்றான். கார் நின்றது. குழந்தையின் மூச்சு ஈனமாக இழுத்தது. மலைப்பாதை முழுக்க இன்னும் பாக்கி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அவன் மனைவி குழந்தையின் தலைமாட்டில் குனிந்திருந்தாள். நிமிராமலேயே சொன்னாள்.

"அந்த வண்டிய எடுத்துட்டு வாங்க."

அவன் அசையவில்லை.

"யார் பிடிச்சா என்னங்க. பிடிச்சுக்கட்டும்."

அவன் ஓடினான். தார்ப்பாயை இழுத்துப் போட்டான். கதவைத் திறந்ததும் பீரோ வாடை முகத்தில் அறைந்தது. வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. அத்தனை நாள் நின்ற வண்டி, பேட்டரி செத்திருக்க வேண்டியது. கிளம்பியது.

தெருமுனையில் குழந்தையை ஏந்தி எடுத்து நுரை மெத்தையில் கிடத்தினான். உள்ளங்கைகளை உருவிக்கொண்டான். அவள் அழுகை பாதியில் அறுந்தது. குழாயை மூடியது போல.

மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. சாயங்காலமே இருட்டிவிட்டது. விளக்கொளி பனியில் முட்டித் திரும்பியது. மனைவி முன் சீட்டில் உடம்பைத் திருப்பி, சீட்டுகளின் இடைவெளி வழியே கையை நீட்டிக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லாரித் தடங்களில் வண்டி விழுந்து எழுந்தது. பற்கள் நறநறத்தன. பின்னால் அந்த முனகல் தொடங்கியது. தாலாட்டு போல, ஒரே இரண்டு ஸ்வரம், மேலும் கீழும்.

குழந்தையின் குரல் என்று நினைத்தான். கொஞ்ச தூரம் போன பிறகுதான் குழந்தையின் மூச்சும் தனியாகக் கேட்டது. தூங்குகிற மூச்சு.

கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டான். வளைவு. பள்ளம். வளைவு.

உச்சியைத் தாண்டும்போது மனைவி கையை எடுத்துக்கொண்டாள். மெதுவாக. நேராகத் திரும்பி உட்கார்ந்தாள். அந்தக் கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் மூடிக்கொண்டாள். என்ன ஆச்சு என்று கேட்டான்.

"ரோட்டப் பாருங்க."

ஆஸ்பத்திரி வரும்வரை அந்தக் கையை அவள் பின்னால் நீட்டவே இல்லை.

வண்டி நிறுத்துமிடம் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு அடியில். தாழ்ந்த கூரை. குழல்விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது. எங்கோ குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. எஞ்சினை நிறுத்தினான். முனகலும் நின்றது.

"நான் ஆளக் கூட்டிட்டு வரேன். நீங்க அவள வெளிய எடுத்துடுங்க." பின்னால் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். "சீக்கிரம் எடுத்துடுங்க."

அவள் செருப்புச் சத்தம் தூணுக்குப் பின்னால் ஓடி மறைந்தது.

அவன் பின் கதவைத் திறந்தான்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் வலியின் சுவடே இல்லை. உடைந்த கால், கட்டுப் போட்டது போல நேராக இருந்தது. ஒரு பக்கமும் சாயாத, அத்தனை சரியான நேர். நுரை மெத்தையில் குழிவு இல்லை. ஒரு சுருக்கமும் இல்லை. அவள் தலைமுடி மெத்தையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மெத்தைக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் இருட்டு. விளக்கு எரிந்தபோதும் இருட்டு.

முழங்காலை விளிம்பில் ஊன்றினான். விரல்களை விரித்தான். ஒரு கையை முதுகுக்கு அடியில் கொடுத்தான். இன்னொன்றை இடுப்புக்கு அடியில். சில்லென்றிருந்தது. அவன் உள்ளங்கையில் குழந்தையின் முதுகு. புறங்கையில் ஏதோ துணி. துணிக்கு அடியில் ஏதோ எலும்பு.

தூக்கினான். வரவில்லை.

அவள் கனக்கவில்லை. எதுவோ அவளை விடாமல் பிடித்திருந்தது. அவன் கொஞ்சம் அழுத்தம் கொடுத்ததும், அதே அளவு அழுத்தம் எதிர்ப்பக்கம் வந்தது. குழந்தையின் விலாவில் எங்கோ ஒரு நுண்ணிய நெறிப்பு. உடனே நிறுத்தினான். கண்ணாடித் தகட்டை இருவர் பிடித்திருக்கும்போது ஒருவன் இழுக்கவே கூடாது. இழுத்தால் தகடு போய்விடும். அது அவனுக்குத் தெரியும். அதற்கும் தெரிந்திருந்தது.

"குடுத்துடுங்க," என்றான். மறுபடி சொன்னான். "நாங்க பாத்துக்கறோம். குடுத்துடுங்க."

தூக்கத்திலேயே குழந்தை பெருமூச்சு விட்டாள். முகத்தை அவனிடமிருந்து அந்தப் பக்கம் திருப்பி, காற்றில் எதிலோ கன்னத்தைப் புதைத்துக்கொண்டாள். கன்னம் நசுங்கியது.

தூரத்தில் ஸ்ட்ரெச்சரின் சக்கரங்கள். யாரோ பேசிக்கொண்டு வருகிறார்கள். நேரமிருக்கிறது. கையை எடுக்க மாட்டான். எடுக்கவே மாட்டான்.

அவன் புறங்கையின் மேல் விரல்கள் ஊர்ந்து வந்தன. நீளமானவை, சில்லென்றவை. அவன் சுண்டு விரலைத் தேடிப் பிடித்தன. குழந்தைக்குத் துளியும் அதிராமல், எலும்பு நோகாமல், மிக மிக மெதுவாக, அதை அவள் முதுகிலிருந்து விலக்கின. பிறகு அடுத்த விரலை.